அடிநெல்

அம்பாரத்தின் மேல்நெல் எப்போதும் காய்ந்திருக்கும்.
அதைத்தான் அள்ளிக் காட்டுவார்கள்.
பதினோரு பருவம் கொள்முதல் பட்டியல் எழுதிய கை இது,
முழங்கைவரை உள்ளே போய்
அடிநெல்லை எடுத்துத்தான் ஈரமானியில் போடும்.
பதினேழுக்கு மேல் காட்டினால்
"இன்னும் ஒரு வெயில் காட்டுங்க" என்பேன்.
வைவார்கள். பழகிவிட்டது.

இதே கைதான்
தை மாதம் நீடாமங்கலத்தில் ஒரு மாடியறையில்
மூவாயிரத்து அறுநூறை எண்ணிக் கொடுத்தது.

வீட்டுக்காரருக்குக் கிரியாட்டினின்
இரண்டு புள்ளி ஒன்பது.
டயாலிசிஸ் என்கிற சொல்லைத் திருவாரூர் டாக்டர்
மெதுவாகத்தான் சொன்னார்.
இருபது வருடம் நெல் லோடு ஓட்டிய ரெத்தினசபாபதி
அதன்பிறகு லாரிச் சாவியைத் தொடவில்லை.

மாடியறைக்காரர் பெயர் குணபூஷணம்.
கெட்டவர் மாதிரித் தெரியவில்லை. மோர் கொடுத்தார்.
நாடி பிடித்துக் கண்மூடி நெடுநேரம் இருந்தார்,
எந்த டாக்டரும் இவரை அவ்வளவு நேரம் தொட்டதில்லை.
"ஒரு மண்டலம் குடிங்க.
இங்கிலீஷ் மாத்திரையைப் படிப்படியா நிறுத்திடலாம்."
பிறகு ஒரு நோட்டை நீட்டினார்:
குணமானவர்கள் அறுபத்து மூன்று பேர்,
ஊர், போன் நம்பர், கையெழுத்து,
சிலருக்குக் கைநாட்டு.

அவர் கைகழுவப் போன நேரத்தில்
நாலு பக்கம் படம் பிடித்துக்கொண்டேன்.

பொழுது சாய்ந்து மூட்டை தைக்கிற ஊசிகள் ஓய்ந்ததும்
தார்ப்பாய் ஓரம் உட்கார்ந்து ஒவ்வொன்றாய் அடித்தேன்.
வலங்கைமான் ஆள் திடமாகவே இருக்கிறார்.
"மருந்துதாம்மா" என்றார், குரலில் பொய்யில்லை.
என்ன நோய் என்று கேட்டேன். நீர்க்கடுப்பாம்.
பேரளத்து அம்மா மாத்திரையையும் விடவில்லை,
"ரெண்டும் சேந்து கேட்டிருக்கும்."
ஏழு நம்பர் உபயோகத்தில் இல்லை.
கூத்தாநல்லூரில் ஒரு பையன் எடுத்தான்:
"அத்தா மவுத்தாயி ஒன்றரை வருஷம் ஆச்சு.
ஆரம்பத்துல நல்லா கேட்டுச்சு,
அப்பதான் கையெழுத்துப் போட்டாங்க."

முப்பத்தெட்டாவது வரி. பச்சை மை.

அடுத்த வாரம் குணபூஷணத்திடம் ஒன்றே ஒன்று கேட்டேன்:
"வராமப் போனவங்களுக்கு நோட்டு இருக்கா?"
சிரித்தார்.
"நம்பிக்கை இல்லாமக் குடிச்சா
அமிர்தமும் வேலை செய்யாதும்மா."
தேறினால் அவர் மருந்து. தேறாவிட்டால் நம் மனசு.
எதை வைத்தாலும் அவர் பக்கமே தாழ்கிற தட்டு.

நான் ஒன்றும் உத்தமி இல்லை.
மூட்டைக்கு நாற்பது ரூபாய் கைமாறுகிற இடத்தில்தான்
என் மேசையும் கிடக்கிறது.
தராசின் குணம் எனக்குத் தெரியாதா.

ஒரு ராத்திரி, சாரல், காவலுக்கு ஆளில்லை,
பாட்டிலைக் கொண்டுபோய்
எலக்ட்ரானிக் தராசில் வைத்தேன்.
முக்கால் கிலோ என்றது.
அதற்குமேல் அதற்கும் ஒன்றும் தெரியவில்லை.

டாக்டர் பாட்டிலை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.
லேபிள் இல்லை.
"உள்ள என்ன இருக்குன்னு நமக்கே தெரியாததை
பாதிக் கிட்னி எப்படிம்மா வடிகட்டும்?"

வீட்டில் சொன்னேன்.
அவர் சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:
"அந்த டாக்டர் எப்பப் போவேன்னு கணக்குப் போடறாரு.
இவரு இருப்பேன்னு சொல்றாரு."
இதற்கு எந்த மானியை வைப்பது?

சண்டை போடவில்லை. ஒரே ஒரு ஒப்பந்தம்:
மாத்திரையை நிறுத்தக் கூடாது,
மண்டலம் முடிந்ததும் ரத்தம் கொடுக்க வேண்டும்.

இன்று சீட்டு வந்தது.
மூன்று புள்ளி நான்கு.

மடியில் வைத்து வெகுநேரம் பார்த்தார்,
திருப்பி அனுப்பப்பட்ட லோடைப் பார்ப்பதுபோல.
காலி பாட்டிலைக் காலால் மெல்ல ஒதுக்கினார்.
பிறகு என் முகத்தைப் பார்க்காமல்
என் வார்த்தையாலேயே கேட்டார்:
"இன்னும் ஒரு வெயில் காட்டிப் பாப்பமா?"